அண்ணி வைத்த முனை

கீச்சுவுக்கு அன்றைக்கு ஒரே ஒரு வேலைதான். கடைக்குப் போய் ஒரு பிரஷ் வாங்கி வர வேண்டும். போக வர ஒரு மணி நேரம், கடையில் கொஞ்ச நேரம். அந்த வேலையைப் பதினோரு நாளாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொரு வயதுக்காரிக்குக் கீச்சு என்று பெயர் இருப்பது அநியாயம்தான். சின்ன வயதில் அவள் அழுதால் எண்ணெய் போடாத கதவு மாதிரி சத்தம் வருமாம். அண்ணன் வைத்த பெயர். குரல் எப்போதோ சரியாகிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. அண்ணி இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், "இதெல்லாம் ஒரு பேரா? மனுஷியைக் கூப்பிடற மாதிரியா இருக்கு?" என்று அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். இரண்டாவது வாரம் அவளும் கீச்சு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த அண்ணி இறந்துபோய் மூன்று மாதம் ஆகிறது.

மூன்றாவது மாடியில் வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு பெரிய ஜன்னல். ஜன்னலை ஒட்டி நீள மேஜை, மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். வலது பக்கம் அண்ணி, இடது பக்கம் கீச்சு. பதினைந்து வருஷம் அந்த இரண்டு நாற்காலியில் உட்கார்ந்துதான் இருவரும் வேலை பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், பேசாமல் இருந்து பழிவாங்கினார்கள்.

அண்ணன் ஒரு மாடல் பட்டறையில் மரமும் அட்டையும் அறுப்பவன். கட்டப்போகிற கட்டடம், இடிந்துபோன பாலம், முந்தைய காலத்துத் துறைமுகம் என்று எதைக் கேட்டாலும் ஒரு மேஜை அளவுக்குச் சுருக்கிச் செய்து தருகிற பட்டறை. அந்தத் தெருக்களில் நிற்க வேண்டிய மனுஷர்கள் மட்டும் வீட்டுக்கு வருவார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, முட்டை அட்டையின் குழிகளில் அடுக்கி, அண்ணன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறுவான். ஒவ்வொரு ஆளும் கட்டைவிரலின் மேல்கணு உயரம்தான். சோடா மூடியில் பசை வைத்து ஆளை நிறுத்தி, மூடியைப் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்ட வேண்டும். உடுப்பு, செருப்பு, கூடை, குடை எல்லாம் கீச்சுவின் பங்கு. முகம் அண்ணியின் பங்கு.

முகம் என்றால் கண். மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்பாள் அண்ணி. முதலில் வெள்ளையில் ஒரு சின்னக் கோடு, அது காய்ந்ததும் அதன்மேல் ஒரு புள்ளி. கறுப்பு வைத்தால் ஓட்டை போட்ட மாதிரி தெரியும் என்று கருநீலம் வைப்பாள். புள்ளி நடுவில் விழுந்தால் ஆள் பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான், அதனால் ஓரமாக வைக்க வேண்டும். அண்ணி வைத்த கண்ணெல்லாம் இடது பக்கம்தான் பார்க்கும். "ஏன் அண்ணி எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கறாங்க?" என்று கேட்டால், "என் கை அப்படித்தான் போகுது, நான் என்ன செய்யட்டும்" என்பாள்.

ஒவ்வொரு புள்ளிக்கு முன்னாலும் பிரஷ் முனையை உதட்டில் வைத்து ஒரு இழு இழுப்பாள். முடியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து முனை கூராக நிற்கும். அண்ணனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"விஷம்டி அது. வாயில வைக்காதேன்னு டப்பாவுலயே எழுதியிருக்கான்."

"எழுதினவனுக்கு முனை வைக்கத் தெரியாது. அந்த வயித்தெரிச்சல்ல எழுதியிருக்கான்."

"ஒரு நாளைக்கு உதடு கறுத்து நீலமாகி நிக்கப்போற."

"நின்னா என்னையும் சோடா மூடியில ஒட்டி உங்க சந்தையில வச்சிடுங்க."

சந்தை என்றது இப்போது மேஜையில் இருக்கிற வேலையை. மியூசியத்துக்காக ஒரு பழைய சந்தைத் தெரு. இருநூற்றுப் பத்து பேர். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் பூதக்கண்ணாடி வைக்கப்போகிறார்கள் என்பதால் ஒவ்வொருவருக்கும் கண் வேண்டும். நூற்று நாற்பத்தாறாவது ஆளுக்குக் கண் வைத்துவிட்டு அண்ணி நெஞ்சைத் தடவிக்கொண்டாள். ஐந்து நிமிஷம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு, "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம், என்னமோ சரியில்ல" என்றாள். பிரஷைத் துணியில் துடைத்தாள். உதட்டில் வைத்து முனையை இழுத்துவிட்டு, முடி மேலே இருக்கும்படி ஜாடியில் நிறுத்தினாள்.

"கீச்சு, நான் வர்ற வரைக்கும் அதைத் தொட்டுடாதே."

செருப்பை மாட்டிக்கொண்டு, மூன்று மாடியையும் தன் காலாலேயே இறங்கிப் போனாள். அப்புறம் வரவில்லை.

எல்லாம் முடிந்த மறுநாள் வீடு நிறைய ஜனம். பெரியம்மாவுக்கு எந்த வீட்டிலும் சும்மா உட்கார வராது. அதிலும் துக்க வீடு என்றால் கை பரபரக்கும். கீச்சு உள் அறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது பெரியம்மா வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். அண்ணி கடைசியாக டீ குடித்த டம்ளரைக் கழுவினாள். தலையணை உறையைத் துவைத்தாள். சீப்பில் இருந்த முடியை எடுத்துக் குப்பையில் போட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டபடியே இருந்தது. திடீரென்று நினைவு வந்து கீச்சு எழுந்து மேஜைக்கு ஓடினாள். ஜாடியில் பிரஷ் இருந்தது. முனை கூராக, அண்ணி வைத்த மாதிரியே இருந்தது. பெரியம்மா கை மேஜை வரைக்கும் வரவில்லை. அவ்வளவு துக்கத்திலும் கீச்சுவுக்கு அப்பாடா என்று இருந்தது.

அண்ணன் அங்கேதான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தான். சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அழுகையை அடக்குகிறான் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"அவன் உதட்டைப் பாருங்க, நீலம் பாரிச்சுக் கிடக்கு" என்று பெரியம்மா வந்து அவனை இழுத்துப்போய் உட்கார வைத்தாள். "ரெண்டு நாளா பட்டினி. பொண்டாட்டி போனா இருக்கிறவன் வயிறுமா போயிடும்? தின்னு." அவித்த முட்டையையும் ரொட்டியையும் அவன் கையில் திணித்தாள். அண்ணன் தின்றான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அழவில்லை. கீச்சுவுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. அழுகை வரும் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. காலையில் எழுந்தாள், சூப் வைத்தாள், துணி துவைத்தாள், குடைக்கும் கூடைக்கும் வண்ணம் தீட்டினாள். ஒரு நாள் சூப்பில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டாள். இரண்டு பேரும் முழுசாகக் குடித்து முடித்தார்கள். மறுநாள் மீதியைச் சுட வைத்துக் குடிக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அண்ணனிடம் கேட்டதற்கு, "அப்படியா? நான் கவனிக்கல" என்றான். பல் டாக்டர் ஊசி போட்டபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, அவளுக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது.

மரத்துப்போகாத இடம் ஒன்றுதான். காலையில் ஜன்னல் திரையை விலக்கியதும் முதலில் அந்தப் பிரஷைப் பார்ப்பாள். முனை கெட்டியாக உறைந்து நிற்கும். அண்ணியின் எச்சில் அது. சொல்லக் கேட்க அருவருப்பாக இருக்கலாம். அலமாரியில் அண்ணியின் துணி இருந்தது, சுவரில் போட்டோ இருந்தது. ஆனால் அதெல்லாம் துணியும் போட்டோவும்தான். அண்ணி கடைசியாகச் செய்த ஒரு காரியம், அவள் செய்து வைத்தபடியே, இந்த வீட்டில் இது ஒன்றுதான் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் பட்டால் அதுவும் போய்விடும். ஜாடிக்குப் பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைக்கூடக் கீச்சு வைப்பதில்லை.

பதினோரு நாளைக்கு முன்னால் பட்டறை முதலாளி வந்தார். ஊரில் எல்லாரும் அவரை மாடல்காரர் என்பார்கள். மூன்று மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு முட்டை அட்டைகளைப் பார்த்தார். கீச்சு தன் பிரஷால் கண் வைத்துப் பார்த்த ஏழெட்டு பேர் ஓரத்தில் நின்றிருந்தார்கள்.

"இவன் ஏம்மா வானத்தைப் பார்க்கறான்?"

"புள்ளி மேல போயிடுச்சு."

"இவன்?"

"அவனுக்கு ஒண்ணு வச்சதுமே பிரஷ்ல சாயம் காஞ்சுடுச்சு. ஒத்தைக் கண்ணு."

மாடல்காரர் சிரிக்கப் பார்த்தார், இடம் சரியில்லை என்று நிறுத்திக்கொண்டார். "கண்ணு இல்லாமலே விட்டுடலாமான்னு மியூசியத்துல கேட்டுப் பார்த்துட்டேன். பிள்ளைங்க பயந்துக்கும்னு சொல்லிட்டாங்க. மாசக் கடைசிக்குள்ள சந்தையைக் கொண்டுபோய் வைக்கணும்."

"மிச்சம் அறுபத்துநாலு பேர்தானே. முடிச்சிடறேன்."

"முடிச்சா சந்தோஷம்மா. நான் குறையா சொல்லல. முடியலன்னா வேற ஊர்ல ஒரு ஆள் இருக்கான். ஆனா பாதி ஒரு கை, பாதி இன்னொரு கைன்னா பூதக்கண்ணாடியில பளிச்சுன்னு தெரியும். அதனால எல்லா முகத்தையும் கழுவிட்டு முதல்லேர்ந்து போடறேங்கறான்."

"எல்லா முகத்தையுமா?" என்றான் அண்ணன்.

"எல்லாத்தையும்தான்."

நூற்று நாற்பத்தாறு பேர் முட்டை அட்டைகளில் நின்று இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பிரஷ் சரியில்ல" என்றாள் கீச்சு. "அதான் கை ஓட மாட்டேங்குது."

"இதோ ஊசி மாதிரி ஒண்ணு இருக்கே!" மாடல்காரர் ஜாடியை நோக்கிக் கையை நீட்டினார்.

"அது வேண்டாம்" என்றார்கள் அண்ணனும் தங்கையும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் சொன்னதில் மாடல்காரர் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார். "சரி சரி. அதே மாதிரி நல்லதா ஒண்ணு வாங்கிக்கோம்மா" என்று சொல்லி இறங்கிப் போனார்.

அதே மாதிரி வாங்க வேண்டுமென்றால் அது என்ன பிரஷ் என்று தெரிய வேண்டும். பிரஷ்கள் வாங்கி வருவது எப்போதும் அண்ணிதான். கைப்பிடியில் இருந்த எழுத்தும் நம்பரும் அவள் விரல் பட்டுப் பட்டு அழிந்து வெறும் மரமாகியிருந்தது. அதைக் கடைக்கு எடுத்துப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பதினோரு நாள் தள்ளிப் போனதற்குக் காரணம் அதுதான்.

சனிக்கிழமை காலையில் கீச்சு ஜூஸ் குழல் ஒன்றை விரல் நீளத்துக்கு வெட்டி, முடியில் உரசாமல் பிரஷ் தலையில் மாட்டினாள். சின்ன அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்து அதற்குள் படுக்க வைத்தாள். பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அண்ணன் வாசலில் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தான்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?"

"நம்பர் அழிஞ்சு போச்சுண்ணா. காட்டினாத்தானே அதே மாதிரி குடுப்பாங்க."

"போன்ல படம் எடுத்துட்டுப் போயேன்."

"முடி எவ்வளவு தடிமன்னு படத்துல தெரியுமா?"

அண்ணன் கட்டிய நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. "வெளிய தூறல் போடுது" என்றான். "நனைஞ்சிடாம பார்த்துக்கோ." அவன் சொன்னது தன்னையா பிரஷையா என்று கீச்சு கேட்கவில்லை. அவன் போன பிறகும் இந்த வேலை அந்த வேலை என்று இழுத்து, மதியத்துக்குத்தான் கிளம்பினாள்.

கடை ஊருக்கு நடுவில், சாவிக் கடைக்கும் தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்தது. உள்ளே போனால் மரத்தின் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து வந்தது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். கடைக்காரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கவுன்டரில் ஒரு கிண்ணம் தண்ணீர். கீச்சுவின் கண் முதலில் போனது அந்தக் கிண்ணத்துக்குத்தான். பெட்டியை அதிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தாள்.

"என்ன வேலைக்கும்மா?"

"சின்ன பொம்மைக்குக் கண்ணு வைக்கணும். இவ்வளவு உயரம்" என்று கட்டைவிரலைக் காட்டினாள். "மூணு சைபர் நம்பர் பிரஷ் இருக்கு எங்கிட்ட. சரியா வரல. அதைவிடச் சின்னது இருந்தா குடுங்க."

கடைக்காரம்மா சிரித்தாள். "எல்லாரும் இதையே கேட்டுட்டுத்தான் வர்றாங்க. கண்ணு சின்னது, அதனால பிரஷும் சின்னது. அப்படித்தானே? மூணு சைபர்ல மொத்தம் பத்து முடி இருக்கும். அது எவ்வளவு சாயம் பிடிக்கும்? கிண்ணத்துலேர்ந்து கண்ணுக்குப் போறதுக்குள்ள காஞ்சிடாது?"

"காஞ்சிடுது" என்றாள் கீச்சு.

"பின்ன? பிரஷுக்கு வயிறு வேணும்மா. வயித்துல சாயம் இருந்தாத்தான் முனைக்கு இறங்கும். வயிறு பெருசா இருந்தாலும் முனை நல்லா இருந்தா போதும், எறும்புக்குக்கூடக் கண்ணு வைக்கலாம்." ஒரு இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். "இது எப்படி இருக்கு?"

"கூரா இருக்கு."

"ஏமாந்துட்டீங்க பாருங்க. இது கோந்து. வழியில முடி கலையாம இருக்கணும்னு கோந்துல முக்கிக் கூராக்கி அனுப்புவாங்க. கோந்துல நிக்கிறப்ப எல்லாப் பிரஷும் நல்ல பிரஷ்தான். கழுவினப்புறம்தான் யோக்கியதை தெரியும். அதுக்குத்தான் தண்ணி வச்சிருக்கேன். எந்தப் பிரஷ் கைக்கு வந்தாலும் முதல்ல குளிப்பாட்டிடுவேன்." சொல்லிக்கொண்டே பிரஷைத் தண்ணீரில் சுழற்றினாள். மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி உதறினாள். முடி இரண்டாகப் பிளந்து நின்றது. "பார்த்தீங்களா? இது திருட்டுப் பய." அதை ஓரமாகப் போட்டாள்.

கீச்சு பெட்டியைத் திறந்தாள். குழலைக் கழற்றி, பிரஷைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டினாள். "இதே மாதிரி வேணும். நம்பர் தெரியல."

கடைக்காரம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இதுவா? இது ஒண்ணாம் நம்பர்."

"ஒண்ணா? அவ்வளவு பெருசா? ஒத்தை சைபர்கூட இல்லையா?"

"ஒண்ணேதான். அசல் முடி. நம்ம கடைச் சரக்குதான் இது, முடியைப் பிடிச்சிருக்கிற தகரப் பூணைப் பார்த்தாலே தெரியுது."

கீச்சுவுக்கு முகம் சூடாயிற்று. மூன்று சைபரைப் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வாங்கிக் கொடுத்தவள் அண்ணி. 'உனக்கு இது போதும் கீச்சு' என்றாள். தேய்ந்துபோகப் போக அதே நம்பரை வாங்கித் தந்தாள். சட்டையில் ஒரு கோடு போட நான்கு தடவை சாயம் தொட வேண்டியிருக்கும். பக்கத்து நாற்காலியில் அண்ணி ஒரு தொடுகையில் மூன்று ஆளுக்குக் கண் வைத்துக்கொண்டிருப்பாள். கை ராசி என்று கீச்சு நினைத்திருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. முகம் எனக்கு, உடுப்பு உனக்கு என்று கோடு கிழித்து வைத்திருந்தாளா? மூன்று மாதத்தில் முதல் தடவையாக அண்ணியோடு சண்டை போட வேண்டும் போலிருந்தது. கோபத்தில் பிரஷைக் குழலுக்குள் செருகிக் கவுன்டரில் வைத்தாள்.

"ஒண்ணாம் நம்பர் எல்லாத்தையும் காட்டுங்க. நானே எடுக்கறேன்."

"அதுதான் சரி. ஒரே பெட்டியில வந்தாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது."

ஒரு தட்டு நிறையப் பிரஷ்களையும், இன்னொரு கிண்ணம் தண்ணீரையும் கொடுத்தாள். கீச்சு அவற்றை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனாள். முதலாவதைக் கோந்து போகக் கழுவி உதறினாள். முனையில் ஒரு முடி மட்டும் தனியே வளைந்து நின்றது. இரண்டாவது நேராக நின்றது, ஆனால் நகத்தில் அழுத்தி எடுத்தால் படுத்தது எழுந்திருக்கவில்லை. மூன்றாவதற்குப் பூண் ஆடியது. அப்படி ஒன்பது போயின. பத்தாவதை உதறியதும் முடியெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்ட மாதிரி ஒன்றாகச் சேர்ந்தது. கட்டைவிரல் நகத்தில் தண்ணீரால் ஒரு புள்ளி வைத்தாள். கடுகில் கால்வாசி இருந்தது. பக்கத்தில் இன்னொன்று வைத்தாள். அதே அளவு. நன்றாக இருக்கிறது என்று தோன்றியது. அந்த நினைப்பே அவளுக்குப் புதிதாக இருந்தது.

"கிடைச்சிடுச்சு" என்று திரும்பினாள்.

கடைக்காரம்மாவின் கையில் பழைய பிரஷ் இருந்தது. குழல் கவுன்டரில் கிடந்தது. பிரஷின் தலை கிண்ணத்துத் தண்ணீருக்குள் இருந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. தண்ணீரில் லேசாக நீலம் பிரிந்தது.

"அடிவேர்ல இன்னும் சாயம் இருக்கு பாருங்க" என்றாள் கடைக்காரம்மா. "பழசு நல்லா இருந்தா புதுசுக்கு எதுக்குச் செலவுன்னு பார்த்தேன். கல்லு மாதிரி காஞ்சிருந்துச்சு." மணிக்கட்டை வெட்டி உதறினாள். தண்ணீர்த் துளிகள் கவுன்டரில் வரிசையாக விழுந்தன. "அடேயப்பா! எப்படி வந்து நிக்குது பாருங்க. இன்னும் பத்து வருஷம் வரும்மா இது."

கீச்சு தட்டோடு கவுன்டருக்கு வந்தாள். கத்த வேண்டும், பிடுங்க வேண்டும், அழ வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர, எதுவும் உள்ளிருந்து எழும்பவில்லை. கவுன்டரில் இருந்த துளிகளைப் பார்த்தாள். ஆறு துளி.

"இதை வாங்கினவங்க உங்களுக்கு என்ன வேணும்? ஒல்லியா ஒருத்தங்க வருவாங்களே, பிரஷை வாயில வச்சு வச்சுப் பார்ப்பாங்க. கடையிலேயே வைக்காதீங்கன்னு நானும் சத்தம் போடுவேன்."

"அண்ணி."

"பார்த்து ரொம்ப நாளாச்சு. வரச் சொல்லுங்க."

"சொல்றேன்" என்றாள் கீச்சு. புதியதைக் கட்டி வாங்கிக்கொண்டாள். சில்லறையை எண்ணாமல் போட்டுக்கொண்டாள். "நல்ல பிரஷ். ரொம்ப தேங்க்ஸ்" என்றுகூடச் சொன்னாள்.

ஈர முடியைக் குழலுக்குள் செருக முடியாது. பழைய பிரஷைக் கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்தாள். எதிர் சீட்டில் ஒரு குழந்தை அதையே பார்த்தது. மூன்று நிறுத்தம் போனதும் முடி காய ஆரம்பித்தது. ஒட்டியிருந்தது ஒன்றை விட்டு ஒன்று பிரிந்து புசுபுசுவென்று ஆயிற்று. உதட்டில் வைத்து இழுத்தால் ஒரு நொடியில் கூராகிவிடும். ஆனால் அது கீச்சு வைத்த முனையாக இருக்கும். அவள் வைக்கவில்லை. ஜன்னலில் வழிந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. சனிக்கிழமை பட்டறை அரை நாள்தான் என்பதால் அண்ணன் வந்திருந்தான். உருளைக்கிழங்கு வேகவைத்துத் தோலுரித்துக்கொண்டிருந்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"அது?"

கீச்சு கையை நீட்டினாள். விரிந்த முடியை அண்ணன் பார்த்தான். கிழங்கைத் தட்டில் வைத்தான்.

"தண்ணியில போட்டுட்டாங்கண்ணா. நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன். எந்தப் பிரஷ் வந்தாலும் குளிப்பாட்டுவேன்னு அந்தம்மா சொன்னாங்க, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். அண்ணி தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. ஒரே ஒரு விஷயம்தான் சொல்லிட்டுப் போனாங்க. அதைக்கூட நான்..." அவள் குரல் ஏற்ற இறக்கமில்லாமல், பஸ் நேரம் சொல்கிற மாதிரி வந்தது.

அண்ணன் கையைத் துண்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"கீச்சு, அது அவ வச்சதில்ல."

"என்னது?"

"பெரியம்மா அன்னைக்கே கழுவிட்டாங்க. டம்ளரோட சேர்த்து ஜாடியையும் கொண்டுபோய்க் குழாயில காட்டிட்டாங்க. நான் பார்க்கிறப்ப இதோ இப்ப இருக்கே, இப்படித்தான் இருந்துச்சு. நீ உள்ள படுத்திருந்த. எந்திரிச்சு வந்து பார்த்தா நீ தாங்க மாட்டியேன்னு தோணுச்சு. அதான்..." அவன் தன் உதட்டைத் தொட்டுக் காட்டினான். "அவ செய்யறதைப் பார்த்திருக்கேன்ல. அதே மாதிரி வச்சு இழுத்துவிட்டேன்."

கீச்சு அவனையே பார்த்தாள். முதுகைக் காட்டி நின்றது, சட்டைக் கை, நீலம் பாரித்த உதடு, வாயில் திணித்த முட்டை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

"முட்டையோட சேர்த்து முழுங்கிட்டியா?"

"வேற என்ன செய்ய? பெரியம்மா விடலையே."

"எப்படி இருந்துச்சு?"

"கர்மம். சோப்பும் சாயமும். பதினஞ்சு வருஷம் இதை எப்படித்தான் வாயில வச்சாளோ."

கீச்சுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு என்றுதான் ஆரம்பித்தாள்.

"அப்ப மூணு மாசமா நான் பார்த்துட்டிருந்தது..."

"என் எச்சிலைத்தான்."

"அண்ணி வச்சது?"

"அது அன்னைக்கே போயிடுச்சு கீச்சு. அவ போன ரெண்டாம் நாளே போயிடுச்சு."

அப்போதுதான் வந்தது. மூன்று மாதமாக எங்கே இருந்ததோ, சின்ன வயதில் வருமே, எண்ணெய் போடாத கதவுச் சத்தம், அதே சத்தத்தோடு வந்தது. அண்ணி இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை, இனி வரமாட்டாள். கீச்சு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அவள் தலையில் கையை வைத்தபடி நின்றான். கையில் உருளைக்கிழங்கு வாசம் அடித்தது. அவனும் அழுதான், சத்தமில்லாமல். கீழ் வீட்டுக்காரி ஒரு தடவை கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

முகம் கழுவிவிட்டு வந்து இரண்டு பேரும் கிழங்கைத் தின்றார்கள். உப்பு போதவில்லை என்றான் அண்ணன். கீச்சு உப்பு டப்பாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

குளிர்கால வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். கீச்சு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புதிய பிரஷைப் பிரித்து மேஜையில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் பழையதை வைத்தாள். கொஞ்ச நேரம் இரண்டையும் பார்த்தாள். பிறகு பழையதை எடுத்துத் தண்ணீரில் முக்கினாள். துடைத்து, உதட்டில் வைத்து இழுத்தாள். கடைத் தண்ணீர் மாதிரிதான் இருந்தது, ஒரு ருசியும் இல்லை.

"விஷம்டி அது" என்றான் அண்ணன், பழக்க தோஷத்தில்.

நூற்று நாற்பத்தேழாவது ஆள் மீன்கூடைக்காரி. வெள்ளைக் கோடு முன்னமே போட்டிருந்தது. கருநீலத்தைத் தொட்டு, மூச்சைப் பிடித்து, ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. நடுவில் மறுபடி சாயம் தொடவே தேவைப்படவில்லை. மூச்சை விட்டுவிட்டு மூடியைத் திருப்பிப் பார்த்தாள். கூடைக்காரி வானத்தைப் பார்க்கவில்லை, மூக்கைப் பார்க்கவில்லை.

அண்ணன் மேஜையில் கிடந்த பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ வலது பக்கம் பார்க்கறாளே."

அந்தப் பக்கம் அண்ணியின் நாற்காலி இருந்தது.

"என் கை அப்படித்தான் போகுது" என்றாள் கீச்சு.

"மாடல்காரர் கண்டுபிடிச்சிடுவார்."

"சந்தைன்னா நாலு பேர் நாலு பக்கம் பார்ப்பாங்க. அவர்கிட்ட அப்படியே சொல்லு."

அண்ணன் நிமிர்ந்தான். மூன்று மாதமாக யாரும் தொடாத அந்த நாற்காலியை இழுத்தான், அதன்மேல் இருந்த தூசியை உள்ளங்கையால் தட்டினான், உட்கார்ந்தான். முட்டை அட்டையைத் தன் பக்கம் நகர்த்தி, அடுத்த ஆளை எடுத்து அவளிடம் நீட்டினான்.